எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, இருமல் நிற்கவில்லை

கேள்வி: எங்கள் ஊர் புளியரை. கணவர் வைக்கோல் வாங்கி லாரியில் கேரளத்துக்கு அனுப்புகிறார். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்து ஏழு மாதம். மூன்று வாரமாக இருமல், காய்ச்சல். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, சளியில் டிபியும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆள் கூட்டிப்போகும் ஒருவர், "பூஞ்சையாக இருக்கும். ஸ்கேன் வீண் செலவு, நானே மாத்திரை வாங்கித் தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. அவர் சொன்ன நோய் இருக்கலாம்; சொன்ன வழி ஆபத்து.

ஈரம்பட்ட வைக்கோலில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பிடிக்கும். அதன் தூசி உங்களையும் என்னையும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைத்திருப்பவரின் நுரையீரலில் அது ஊன்றிவிடும். எக்ஸ்ரேயில் தெரியாதது சிடி ஸ்கேனில் தெரியும். ரத்தப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் நம்பி உட்கார வேண்டாம். குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீரில் பார்ப்பது அதைவிட நம்பகமானது.

அந்த மாத்திரை பெரும்பாலும் வோரிகோனசோலாக இருக்கும். நல்ல மருந்துதான். ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்க அவர் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் கிடுகிடுவென ஏற்றிவிடும். அதனால்தான் முதல் நாளே டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். தரகர் பார்ப்பாரா? மாற்றிவைத்த சிறுநீரகம் கெட்டபின் அவர் போனைக்கூட எடுக்க மாட்டார். 2021இல் பரவிய கரும்பூஞ்சை வகையாக இருந்தால் இந்த மாத்திரைக்குக் கேட்கவே கேட்காது.

"எதற்கும் டிபி மாத்திரை போட்டுப் பார்ப்போம்" என்பதற்கும் சம்மதிக்காதீர்கள். அதிலுள்ள ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸை அடியோடு குறைத்துவிடும், உடல் புதுச் சிறுநீரகத்தை ஏற்காமல் தள்ளிவிடக்கூடும். குழாய்ப் பரிசோதனைக்கு எல்லையோர மக்கள் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ அலைய வேண்டும், முடிவுக்கும் நாள்கணக்கில் காக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோமே, அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தொழிலை விடச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து போனில் விலை பேசலாம், கணக்குப் பார்க்கலாம். வைக்கோல் படப்புப் பக்கம் மட்டும் போகக் கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வருகிறேன் என்பார், கூடாது. லாரி ஏற்றும் நாளில் வாசலில்கூட நிற்க வேண்டாம். லாரியோடு போய்வந்தவர் குளித்து, உடை மாற்றிவிட்டு அவரிடம் வரட்டும்.

இன்றே அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், எல்லா அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ சளியில் ரத்தம் தெரிந்தாலோ விடியும்வரை பார்க்காமல் அவசரப் பிரிவுக்குக் கிளம்பிவிடுங்கள்.