வாசகர் கேள்வி–பதில்: பீரோவைத் திறந்து வையுங்கள்

'இப்போது என்ன படிக்கிறீர்கள்? யாருக்கு அதைக் கொடுக்கப் போகிறீர்கள்?' என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பதிலைவிடக் கேள்விகளே அதிகம். அவற்றில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

மண்டபம் வாசகர்: அப்பா சேர்த்த நூறு புத்தகங்களை இரும்பு பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தோம். படிக்கலாம் என்று இப்போது திறந்தால் ஒரே பூசண வாடை. முதுகெல்லாம் அரித்திருக்கிறது. பூட்டி வைத்தும் ஏன் இப்படி?

பூட்டி வைத்ததனால்தான். உங்கள் வீட்டு அடுப்படியில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். கடலுப்பில் உள்ள மக்னீசியம் உப்புகள் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதே உப்பு காற்றோடு வந்து புத்தகத்தின் மேல்விளிம்பிலும் அட்டையிலும் படிகிறது. பகலில் சூடேறும் இரும்பு பீரோ இரவில் குளிரும்போது உள்ளே அடைபட்ட ஈரக்காற்று தகட்டில் வேர்த்து நிற்கும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் காகிதத்தில் பூசணம் பிடிக்கும். வாடைக்காற்றும் மழையும் சேரும் ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் அதற்குப் பஞ்சமே இல்லை.

முதுகை அரித்தது ராமபாணப் பூச்சியாக இருக்கும். சேதுக்கரையில் ராமன் கடல்மேல் பாணம் தொடுத்தான் என்பார்கள். இந்த ராமபாணமோ பைண்டிங் பசையைக் குறிபார்க்கும். மாவுப் பசையும் மெருகேற்றிய காகிதமும் அதற்குப் பிடித்த தீனி. காகிதத்தின் மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுப் போகும். மண்பாதை இழுத்துக்கொண்டு அடித்தட்டிலிருந்து குடைந்து வந்திருந்தால் அது கரையான். அப்படியானால் புத்தகத்தை விட்டுவிட்டு முதலில் சுவரைக் கவனியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: வெயில் உள்ள நாளில், நிழலான தாழ்வாரத்தில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். பூசணம் ஈரமாக இருந்தால் தொடாதீர்கள். தேய்த்தால் காகிதத்துக்குள் இறங்கிவிடும். பக்கங்களை விரித்துக் காயவைத்து, அது பொடியான பிறகு இரண்டு அங்குலப் பெயின்ட் பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து உள்ளே போகும். பிரஷ் போதும். நேர் வெயிலில் பரப்புவதும் தப்பு. மலிவான தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெயில் பட்டதும் பழுப்பேறும், தாள் முறுகிப்போகும்.

பூச்சி இருக்கும் புத்தகத்தை பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காமல் வெளியில் கிடக்கட்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும். பட்ட பாடெல்லாம் வீண்.

பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். கடல்பக்கச் சுவர் வேண்டாம். அடித்தட்டு தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு தட்டிலும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். புத்தகத்தைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தால் அங்கே காற்று புகாது. மேல்காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை கதவைத் திறந்து வைத்து, மாலை ஈரம் ஏறும் முன் மூடுங்கள். மழை மாதங்களில் மூடிவைத்து, தட்டுக்கு ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல் போடலாம். ஆரஞ்சு நிறக் குருணையாக வாங்குங்கள். ஈரம் குடித்ததும் அது பச்சையாகும். நீல நிறக் குருணையில் உள்ள கோபால்ட் உப்பு உடம்புக்கு ஆகாது. எந்த நிறமானாலும் சமையல் சட்டியில் போட்டு வறுக்காதீர்கள்.

அந்துருண்டை பூசணத்தைத் தடுக்காது. குழந்தைகள் உள்ள வீட்டில் ஆபத்தும் கூட. வேப்பிலை போடுவதானால் சருகாகக் காய்ந்ததை மட்டும், துணியில் முடிந்து போடுங்கள். பச்சை இலை தன் ஈரத்தையும் கறையையும் புத்தகத்துக்குக் கொடுத்துவிடும். ஏட்டுச்சுவடிகளுக்கு வைத்த வசம்பு இன்றும் நல்ல பழக்கம்தான். ஆனால் இத்தனையும் சேர்ந்து செய்யாத வேலையை ஒன்று செய்யும்: மாதம் ஒருமுறை அந்தப் புத்தகத்தை யாராவது கையில் எடுத்து விரிப்பது. நூறில் முப்பதைத் தெருவில் படிக்கக் கொடுத்துப் பாருங்கள்.

பாம்பன் வாசகி: நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி, படிக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஒவ்வொருவரும் 'நல்லா இருந்துச்சு' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இருபது நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

'எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'நல்லா இருந்துச்சு' என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். ஆளுக்கு ஆறு நிமிடம். அதில் நான்கு விஷயம். எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள்? நிறுத்தித் திரும்பப் படித்த இடம் எது? எந்த இடத்தில் சலிப்புத் தட்டியது? இதை இந்த எட்டுப் பேரில் யாருக்குக் கொடுப்பீர்கள், ஏன்? இரண்டாவது கேள்விக்கு அந்த இடத்தைப் புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாகப் படிக்க வேண்டும். பத்து வரிக்கு மேல் போகக்கூடாது. எட்டுப் பேருக்கு நாற்பத்தெட்டு நிமிடம், நடுவில் ஒரு டீ. ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

படித்து முடித்தவர்தான் பேசலாம் என்ற விதி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். கூட்டங்கள் மெலிவதற்கு அதுதான் முதல் காரணம். முடிக்காதவர் வெட்கப்பட்டு வராமல் இருப்பார்; அடுத்த மாதமும் வரமாட்டார். பாதியில் இருப்பவரின் பேச்சில்தான் 'அப்புறம் என்ன ஆகும்' என்ற ஆவல் இருக்கும். கதையின் முடிவை மட்டும் யாரும் சொல்லக்கூடாது. முழுக் கதையையும் ஒப்பிக்கிற ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரைக் கடைசியில் பேச விடுங்கள்.

நாள் குறிப்பதில் கவனம் வேண்டும். விசைப்படகு போகும் நாளும் நாட்டுப்படகு போகும் நாளும் வேறு வேறு. படகு கரை திரும்பும் நாளில் மீன் வேலை இருக்கும் பெண்கள் வரமுடியாது. இரு தரப்பு வீடுகளையும் கேட்டுவிட்டுத் தேதி வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்களுக்குக் காலையில் வலை, மராமத்து வேலை இருக்கும். பொழுது சாய்ந்தபின் ஓய்வு. ஒரே புத்தகத்தை எல்லோரும் சேர்ந்து படிக்க அதுதான் தோதான காலம். நாளுக்கு ஐந்து பக்கம் என்றால் தடை முடியும்போது முந்நூறு பக்க நாவல் முடிந்திருக்கும்.

எழுத்துக் கூட்டிப் படிப்பதே சிரமம் என்பவர்களும் வரட்டும். அவர்களுக்காக ஒருவர் வாசித்துக் காட்டலாம். சாதாரண நாவல் பக்கம் ஒன்றை நிதானமாக வாசிக்கச் சுமார் மூன்று நிமிடம் ஆகும். பத்துப் பக்கத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம், குரல் கட்டும். உரையாடல் நிறைந்த அத்தியாயமாகப் பார்த்து எடுங்கள். வருணனை நீளும் இடங்களில் கேட்பவர் கண் செருகிவிடும்.

இராமேஸ்வரம் கல்லூரி மாணவர்: கலாம் அவர்களின் 'அக்னிச் சிறகுகள்' முடித்துவிட்டேன். எங்கள் கடலைப் பற்றி அடுத்து எதைப் படிக்கலாம்?

கலாமின் நூலில் உங்களை இழுத்தது எது என்பதைப் பொறுத்தது. யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்ல அவர் தந்தை படகு கட்டும் அந்தத் தொடக்கப் பக்கங்கள்தான் என்றால், அடுத்து வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. சின்ன நாவல், இரண்டு மாலையில் முடியும். களம் தெற்கே மணப்பாட்டுப் பக்கம். நாட்டுப்படகான வல்லத்துக்கும் விசைப்படகான லாஞ்சுக்கும் நடக்கும் பூசல் உங்கள் ஊர் ஆட்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். பேச்சு வழக்கு உங்களுடையதிலிருந்து மாறும். முதல் இருபது பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் வரலாறுதான் வேண்டும் என்றால் எஸ்.எம். கமால் எழுதிய 'சேதுபதி மன்னர் வரலாறு'. அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆனவை. தமிழ் விக்கிமூலம் இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். செப்பேடு, கொடைப் பட்டியல்கள் வரும் பகுதிகளை முதல் வாசிப்பில் தாண்டிவிட்டு, பிறகு உங்கள் ஊர்ப் பெயரை மட்டும் தேடிப் பாருங்கள். அந்தப் பட்டியல் அப்போது சுவைக்கும்.

மூன்றாவதாக ஒரே ஒரு பாட்டு: அகநானூறு 70. சிறு கண்களுள்ள வலையில் வாய்த்த வேட்டையைப் புகழ்ந்து, பரதவர் அயிலை மீனைப் பங்கிட்டுக் கொடுப்பதில் தொடங்கும். தலைவியின் காதலைப் பற்றி ஊரில் எழுந்த அலர், அதாவது ஊர்ப்பேச்சு, திருமணம் உறுதியானதும் அடங்கிவிட்டது என்பது செய்தி. அதற்கு உவமை 'தொன்முது கோடி'யின் கரையில் நின்ற ஆலமரம்: ராமன் மறைவாக ஆலோசனை செய்தபோது அதிலிருந்த பறவைகளின் ஒலி அடங்கியதுபோல. இந்தக் கோடி உங்கள் தனுஷ்கோடிதான் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். மூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு முட்டிமோதாதீர்கள். உரையை முதலில் படியுங்கள், பிறகு பாட்டைச் சத்தமாக இருமுறை.

கீழக்கரை வாசகர்: பாட்டனார் வைத்திருந்த அரபுத்தமிழ்ப் புத்தகம் ஒன்று இருக்கிறது. வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. தாள் உதிர்கிறது. லேமினேட் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். லேமினேஷனின் சூடும் பிளாஸ்டிக்கும் தாளோடு ஒன்றிவிடும், திரும்பப் பிரிக்க வழியில்லை. செல்லோ டேப்பும் கூடாது. சில வருடத்தில் அதன் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து இழுத்துவிடும். கிடைமட்டமாக ஒரு அட்டைப் பெட்டியில், வெள்ளைப் பருத்தித் துணி சுற்றி வையுங்கள். துருப்பிடித்த பின் இருந்தால் முனையை நிமிர்த்தி மெதுவாகக் கழற்றி, அதே துளையில் நூல் கோத்துக் கட்டுங்கள். பிறகு பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுங்கள். வலமிருந்து இடமாகச் செல்லும் புத்தகம் என்பதால் பக்க வரிசை தலைகீழாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படங்களுக்கு எண் கொடுங்கள்.

எழுத்து அரபு, மொழி தமிழ். தமிழில் மட்டும் உள்ள ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் கூடுதல் புள்ளியோ குறியோ இருக்கும். ஓதத் தெரிந்த பெரியவர் ஒருவர் வாய்விட்டுப் படித்தால் பக்கத்தில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இந்த எழுத்தில் எழுதிய ஊர் உங்களுடையது; மதரஸாக்களில் கேட்டால் ஆள் கிடைப்பார். அவர் படிப்பதைக் கைபேசியில் பதிவு செய்துகொள்ள மறக்காதீர்கள்.

மூக்கையூர் வாசகர்: படகில் படிக்க எடுத்துப்போன புத்தகம் கடல்தண்ணீரில் விழுந்துவிட்டது. ஐஸ் பெட்டியில் வைத்தால் தேறுமா?

மீன் ஐஸ் பெட்டி உதவாது. உருகும் நீர் மேலும் நனைக்கும். கடல்நீர் என்பதால் ஒரு வேலை கூடுதல்: ஈரம் காயும் முன்பே புத்தகத்தை மூடிப் பிடித்து, நல்ல தண்ணீர் வாளியில் இரண்டு மூன்று முறை முக்கி எடுங்கள். உப்பு தங்கினால் தாள் எப்போதும் நமுத்தே இருக்கும். மையால் எழுதிய நோட்டுக்கு இது ஆகாது. உள்ளங்கையால் அழுத்தி நீரை வடித்து, இருபது தாளுக்கு ஒன்றாக வெள்ளைத் தாள் செருகி, ஃபேன் காற்றில் நிறுத்தி வையுங்கள். முதல் நாள் செருகு தாளை மணிக்கொருமுறை மாற்றுங்கள். அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். லேசான ஈரம் மட்டும் நிற்கும்போது படுக்கவைத்துப் பாரம் ஏற்றுங்கள். இரண்டு நாளுக்குள் இதைச் செய்ய முடியாது என்றால் பையில் கட்டி வீட்டு ஃப்ரீசரில் போட்டுவிட்டு, நேரம் கிடைக்கும்போது தொடருங்கள். வழவழப்பான படத்தாள் ஒட்டிக் காய்ந்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

தொண்டி வாசகர்: கொடுத்த புத்தகம் திரும்பி வருவதில்லையே?

நோட்டில் தேதியும் பெயரும் எழுதி, வாங்குபவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இருபத்தொரு நாள் கெடு. நூலகங்கள் வைத்திருப்பதுபோல ரகசியப் பக்கம் ஒன்றைத் தீர்மானித்து, உங்கள் எல்லாப் புத்தகத்திலும் அதே எண்ணில் பெயர் எழுதுங்கள். அப்படியும் பத்தில் ஒன்று போகும். போகட்டும்.

உச்சிப்புளி வாசகி: பாதியில் பிடிக்காமல் போனால் விட்டுவிடலாமா?

ஐம்பது பக்கம் கொடுத்துப் பாருங்கள், பிறகு விடலாம். நின்ற பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, ஏன் நின்றீர்கள் என்று அதில் ஒரு வரி எழுதி அடுத்தவருக்குக் கொடுங்கள். முனையை மட்டும் மடக்காதீர்கள். இந்த உப்புக்காற்றில் மடித்த முனை நாளடைவில் முறிந்து கையோடு வந்துவிடும்.