லைன் வீடுகளில் எப்படிக் கேட்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோத்தகிரியில் வசிக்கும் சமூகப்பணி மாணவி நான். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் (தொழிலாளர்களுக்காக வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள்) பெண்கள் மீதான வன்முறை எவ்வளவு, ஏன் என்று ஆராயப் போகிறேன். காவல் நிலையப் புகார்கள் மிகக் குறைவு. வன்முறைக்குக் காரணம் குடிதான் என்கிறார்கள். வீடுவீடாகப் போய் எல்லாப் பெண்களையும் கேட்டால் போதுமா?

அன்புள்ள மாணவிக்கு,

புகார்களை எண்ணி அடியை அளக்க முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடளவில் வன்முறையைச் சந்தித்த பெண்களில் நான்கில் மூன்று பங்கினர் அதை யாரிடமும் சொன்னதே இல்லை.

எல்லோரையும் கேட்க வேண்டாம். அந்த ஆய்வில் ஒரு வீட்டுக்கு ஒரு பெண்ணை மட்டுமே, அதுவும் தனியாக இருக்கும்போது மட்டுமே இதைக் கேட்டார்கள். இருவரைக் கேட்டால் ஒருத்தி சொன்னது மற்றவள் வழியாகக் கணவன் காதுக்குப் போகும்; நீங்கள் திரும்பிய அன்றிரவே அவள் அடிபடுவாள். லைன் வீட்டில் இது இன்னும் கடினம்: பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர், வாசற்படியில் மாமியார். ஆகவே வெளியில் பெண்கள் உடல்நல ஆய்வு என்றே சொல்லுங்கள். யாராவது வந்தால் உடனே இரத்தசோகை பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுங்கள். "கொடுமை உண்டா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். அறைந்தாரா, தள்ளினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

குடி பெரிய காரணம்தான். கணவன் அடிக்கடி குடித்துவிட்டு வரும் வீடுகளில் பெண்களில் 70 சதவீதம் பேர் வன்முறையைச் சந்தித்ததாக அதே ஆய்வு கூறுகிறது. ஆனால் குடிக்காத கணவர்களின் வீடுகளிலும் அது 23 சதவீதம். அந்த 23தான் என்னை உறுத்துகிறது. தாயைத் தந்தை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தாளா, கொழுந்துக் கூலி யார் கைக்குப் போகிறது, லைன் வீடு யார் பேரில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். வேலையோடு சேர்ந்தே வீடும் கிடைக்கும் தோட்டத்தில், கணவனை விட்டு வெளியேறுபவள் கூரையையும் சேர்த்தே இழக்கக்கூடும்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட சிறுமி தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம். அதை எப்படிச் செய்வது என்பதை முதல் வீட்டுக்குப் போகும் முன்பே வழிகாட்டிப் பேராசிரியருடன் முடிவுசெய்துகொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படியான பாதுகாப்பு அலுவலரையும் முன்னதாகவே ஊட்டியில் சந்தித்துவிடுங்கள். 181 என்ற உதவி எண்ணை வாயால் சொல்லுங்கள்; அச்சிட்ட தாள் எதையும் அவள் கையில் கொடுக்காதீர்கள்.