ஆறு துளையும் பொருந்தினால் போதுமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. என்னிடம் ஃபோர் வீல் ஹைலக்ஸ் டபுள் கெப் இருக்கிறது, 16 அங்குல இரும்பு ரிம். முத்தையன்கட்டுப் பக்கம் வயலுக்கு ஓடுவது, வரும்போது நெல் மூட்டை, மாரியில் சேறு, மற்ற நாளில் கிரவல். தெரிந்தவர் ஒருவர் பஜேரோவில் கழற்றிய 18 அங்குல அலோய் ரிம் செட் ஒன்றை மலிவாகத் தருகிறார், ஆறு துளையும் சரி என்கிறார். வாங்கலாமா?
- வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம் தம்பி. துளைக் கணக்கில் அவர் சொன்னது உண்மை, இரண்டு வண்டிக்கும் ஆறு துளை, துளைவட்டம் (நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 139.7 மி.மீ. ஆனால் நடுத்துளையைப் பாருங்கள். பஜேரோ ரிம்மில் அது 67.1 மி.மீ., உங்கள் ஹைலக்ஸின் ஹப்புக்கு, அதாவது ரிம் மாட்டும் அச்சுத் தலைக்கு, வேண்டியது 106.1. உள்ளேயே போகாது. லேத்தில் கொடுத்துக் கடைந்து பெருப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நட் இறுகும் இடத்துக்குப் பக்கத்து உலோகத்தைத்தான் அப்படிச் சுரண்டி எடுப்பார்கள், மூட்டையோடு குழியில் விழும்போது அடி தாங்க வேண்டியதும் அதே இடம்தான்.

அதைவிட 18 அங்குலம் நம் வீதிகளுக்குச் சரிவராது. 265/70 அளவில் (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவர் அதில் 70 வீதம்) 16 அங்குல டயரின் பக்கச்சுவர் ஏறக்குறைய 185 மி.மீ.; சில்லின் உயரம் மாறாமல் 18க்குப் போனால் 265/60 போட வேண்டும், பக்கச்சுவர் 159 ஆகிவிடும். கல்லிலும் வேரிலும் முதலில் அடி வாங்குவது அந்த ரப்பர், அது குறைந்தால் அடி ரிம்முக்கு. இரும்பு நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம், அலோய் வெடிக்கும். மாரியில் காட்டு வீதியில் அப்படி நின்றால் ஆள் வந்து சேரவே அரைநாள் போய்விடும், அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

சரி, அலோய்தான் வேண்டுமென்றால் 16 அங்குலத்திலேயே எடுங்கள். ரிம்மின் உட்பக்கத்தில் தாங்கும் பாரம் கிலோவில் பொறித்திருக்கும், மூட்டை ஏற்றும் வண்டிக்கு 1000க்குக் குறைந்ததை நான் வாங்க மாட்டேன். ஒப்செட்டையும் பாருங்கள், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. கொம்பனி ரிம்முக்கு +30, அதே அகலத்தில் 0 போட்டால் ஒவ்வொரு சில்லும் 30 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் பெயரிங் சீக்கிரம் போகும், குழியில் ஸ்டியரிங் கையை இழுக்கும், சேறு கதவு வரை அடிக்கும்.

நட்டின் அடி கூம்பா தட்டையா என்று புது ரிம்மோடு வைத்துப் பார்த்தே வாங்குங்கள். மாட்டி 100 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டையும் திரும்ப இறுக்க வேண்டும். அப்புறம் பழைய இரும்பு ரிம்மில் நல்லதொன்றை ஸ்பெயாருக்கு வைத்து, அதற்குரிய ஆறு நட்டையும் ஒரு டின்னில் போட்டு சீட்டுக்குக் கீழே வையுங்கள்.