கேள்வி நேரம்: கறவை ஆட்டுக்கு எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: தலைச்சேரி ஆடுகளைப் பாலுக்காக வளர்க்கிறோம். தீவனத்தில் எண்ணெய் கலந்தால் பாலில் கொழுப்பு கூடும் என்கிறார் ஒருவர். மாட்டுக்குக் கலந்து குறைந்துபோனது என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது? எவ்வளவு கலப்பது? (வாசகர், அந்தியூர்)

பதில்: இருவர் சொல்வதும் சரியே. பசுவுக்கு மாவுத்தீவனம் மிகுந்து நார்த்தீவனம் குறைந்திருக்கும்போது எண்ணெயும் சேர்ந்தால், பெருவயிற்றில் (அசைபோடும் கால்நடையின் முதல் வயிறு) உள்ள நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஒருவகைக் கொழுப்பு அமிலம் மடியில் கொழுப்புச் சுரப்பைத் தடுத்துவிடும். வெள்ளாட்டில் இந்தத் தடை அவ்வளவாக விழுவதில்லை. தாவர எண்ணெய் கொடுத்தால் பெரும்பாலும் கொழுப்பு ஏறும். பாலின் அளவு பெரிதாக மாறாது.

35 முதல் 40 கிலோ எடையுள்ள கறவை ஆடு, ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் நாளுக்குச் சுமார் 1.5 கிலோ தீவனம் தின்னும். தழையிலும் தானியத்திலும் ஏற்கெனவே 3 சதவீதம் அளவுக்குக் கொழுப்பு உண்டு. மொத்தம் 5 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆக, மேற்கொண்டு கொடுக்கக்கூடியது 30 கிராம், அதாவது 33 மில்லி. முதல் வாரம் 10 கிராம், அடுத்த வாரம் 20, பிறகு 30 என்று ஏற்றி, காலை மாலை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். எண்ணெயை நேரே ஊற்றினால் தீவனம் கட்டி கட்டியாகும். இரண்டு கை தவிட்டில் முதலில் பிசறி, அதை மீதி அடர்தீவனத்தோடு (தானியம், புண்ணாக்கு, தவிடு சேர்ந்த கலவை) கலக்கவும். தழையைத் தின்னவிட்ட பிறகு இதை வையுங்கள். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்க வேண்டும். கலந்து வைத்தால் காறிப்போகும்.

பலர் கோட்டைவிடுவது புண்ணாக்கிலும் தவிட்டிலும்தான். செக்குக் கடலைப் புண்ணாக்கில் 7 முதல் 8 சதவீதம் எண்ணெய் தங்கியிருக்கும். அரிசி ஆலையிலிருந்து நேரே வரும் தவிட்டில் 15 சதவீதம்கூட இருக்கும். கால் கிலோ வைத்தாலே 37 கிராம் எண்ணெய் உள்ளே போய்விடுகிறது. அப்படிக் கொடுப்பவர்கள் பாட்டிலைத் தொடவே தேவையில்லை. மேலே சொன்ன 30 கிராம், எண்ணெய் நீக்கிய தவிடும் புண்ணாக்கும் கொடுப்பவர்களுக்கு.

அளவு மிஞ்சினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் மடியும். ஆடு தழையைத் தின்னாமல் மிச்சம் வைக்கும், அசைபோடுவது குறையும், புழுக்கை மணிமணியாக விழாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாக வரும். உடனே எண்ணெயை நிறுத்தி, தழையும் கடலைக்கொடியும் மட்டும் கொடுங்கள். புழுக்கை பழையபடி ஆன பிறகு பாதி அளவில் தொடங்கலாம்.

கேள்வி: எந்த எண்ணெய் நல்லது? பலகாரம் சுட்டு மிஞ்சியதை ஊற்றலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: சுட்ட எண்ணெய் வேண்டவே வேண்டாம். சூரியகாந்தி எண்ணெய் கொடுத்தால் பாலில் சி.எல்.ஏ. என்னும் கொழுப்பு அமிலம் கூடும். ஆளி விதை எண்ணெயால் ஒமேகா-3 கொஞ்சம் கூடும்; ஆனால் அதில் பெரும்பகுதியைப் பெருவயிறே மாற்றிவிடுவதால், கொடுக்கும் விலைக்கு அது கட்டுப்படியாகுமா என்று யோசியுங்கள். தேங்காய் எண்ணெயை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதிலுள்ள லாரிக் அமிலம் பெருவயிற்று உயிரிகளைத் தாக்கும், தீனி குறையும். ஆமணக்குப் பக்கமே போகாதீர்கள்: எண்ணெய் கழிச்சல் தரும், புண்ணாக்கு விஷம்.

கேள்வி: எண்ணெயால் பாலில் ஆட்டு வாடை கூடுமா? (வாசகர், பெரம்பலூர்)

பதில்: கூடாது, குறையவே வாய்ப்பு. அந்த வாடைக்குக் காரணமான கேப்ரிலிக், கேப்ரிக் போன்ற அமிலங்கள் மடியிலேயே உருவாகின்றன. எண்ணெய் கொடுத்தால் பால் கொழுப்பில் அவற்றின் பங்கு இறங்கும். கிடாயைக் கறவை ஆடுகளோடு கட்டுவது, கறந்த பாலைக் குலுங்கக் குலுங்க எடுத்துப் போவது, காய்ச்சாமல் வெகுநேரம் வைப்பது, இவற்றை முதலில் கவனியுங்கள். பாலில் காகித அட்டை நனைந்தது போன்ற சுவை வந்தால் அது வேறு கோளாறு, கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. செம்புப் பாத்திரம் அதை விரைவுபடுத்தும். எவர்சில்வருக்கு மாறுங்கள், பசுந்தழையைக் கூட்டுங்கள். தழையிலுள்ள வைட்டமின் ஈ இதைத் தடுக்கும்.

கேள்வி: கொழுப்பு ஏறியதா என்று எப்போது பார்ப்பது? (வாசகர், ஓமலூர்)

பதில்: முழு அளவு கொடுக்கத் தொடங்கி இரண்டு வாரம் கழித்து. மடியில் கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு மிகுதி. ஆகவே ஒட்டக் கறந்து, காலைப் பாலையும் மாலைப் பாலையும் கறந்த அளவுக்கு ஏற்ற விகிதத்தில் கலந்து மாதிரி எடுங்கள். எண்ணெய் தொடங்கும் முன் எடுத்த கணக்கு கையில் இல்லையென்றால் ஒப்பிட எதுவும் இருக்காது. அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.