அகதி முகாமில் காட்டப்படும் வீடியோ சாட்சியமாகுமா?

கேள்வி: வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் ரோஹிங்கியா முகாமில் செவிலியராகப் பணியாற்றப் போகிறேன். அங்குள்ள அகதிகள், 2017-இல் மியான்மர் ராணுவம் தங்களைத் தாக்கி விரட்டியதைச் சொல்லி, போனில் உள்ள வீடியோக்களையும் காட்டுவார்கள் என்கிறார்கள். மியான்மர் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பினரே இல்லையே, இவற்றைப் பதிவுசெய்து வைத்தால் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் விரிவான வாக்குமூலம் வாங்கும் வேலையை மட்டும் நீங்கள் செய்ய வேண்டாம்.

மியான்மர் உறுப்பினரல்ல, வங்கதேசம் உறுப்பு நாடு. எல்லை தாண்டி விரட்டிய குற்றம் வங்கதேச மண்ணில்தான் முழுமையடைகிறது என்று 2018-இல் குற்றவியல் நீதிமன்ற நீதிபதிகள் முடிவுசெய்தார்கள், அதனால் 2019 நவம்பரில் விசாரணைக்கு அனுமதி கிடைத்தது. இது தனிமனிதர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழி. அதே மாதம் மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியா, மியான்மர் அரசின்மீதே சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது; இது நாடுகளுக்கிடையிலான வழக்குகளை விசாரிக்கும் வேறொரு நீதிமன்றம். இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தை மியான்மர் 1956-லேயே ஏற்றிருந்ததால் இந்த வழக்கைப் போட முடிந்தது. ஆதாரங்களை அழிக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் அந்நீதிமன்றம் மியான்மருக்கு உத்தரவிட்டது. எங்கோ இருக்கும் ஒரு சிறிய நாடு இதைச் செய்தது எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

இனி உங்கள் பங்கு. ஒரே பெண்ணிடம் ஐந்து பேர் ஐந்து முறை கதை கேட்டால், ஐந்தும் சிறிதளவாவது மாறும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வது அந்த வேறுபாட்டைத்தான். அவளுக்கோ ஒவ்வொரு முறையும் காயம் கிளறப்படுகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடமும் குழந்தைகளிடமும் நீங்களாகத் துருவிக் கேட்கவே கூடாது. யாருக்கு என்ன தெரியும், அவரை எப்படித் தொடர்புகொள்வது என்பதை மட்டும், அவர் சம்மதித்தால், குறித்துக்கொள்ளுங்கள்.

வீடியோவை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள். எடுத்த நேரம், இடம் பற்றிய தகவல் அதில் உதிர்ந்துவிடும். மூலக் கோப்பு அந்தப் போனிலேயே இருக்கட்டும், வெட்டவோ பெயர் மாற்றவோ வேண்டாம் என்று சொல்லுங்கள். மியான்மர் குற்றங்களுக்கான ஆதாரங்களைத் திரட்டவென்றே ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சில் 2018-இல் ஒரு சுதந்திர விசாரணை அமைப்பை உருவாக்கியது. அதற்குப் பாதுகாப்பாக அனுப்பும் வழி அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. சமூக ஊடகத்தில் போடாதீர்கள்: முகம் தெரிந்தால், ரோஹிங்கியாக்களின் சொந்த ஊரான மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில் இன்னும் இருக்கும் உறவினர்களுக்கு ஆபத்து.

உங்களால் மட்டுமே தரக்கூடியது மருத்துவக் குறிப்பு. தழும்பு எங்கே, எவ்வளவு நீளம், நோயாளி என்ன சொன்னார், நீங்கள் கண்ணால் கண்டது என்ன என்பதைப் பார்த்த அன்றே தனித்தனியாக எழுதித் தேதியிடுங்கள். அது மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கட்டும். நோயாளியின் சம்மதம் இல்லாமல் எவருக்கும் நகல் தராதீர்கள்.