பிரிஜிட் ஷுல்டியின் புத்தகங்கள் கோலாலம்பூரில் வேலைக்குப் போகும் தாய்க்கு உதவுமா? மேலாளருக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா?

உதவும். ஆனால் விடிகாலையில் எழு, பட்டியல் போடு, போனைத் தூர வை என்ற மாதிரி யோசனைகளைத் தேடுகிறீர்கள் என்றால் இவரிடம் அது குறைவு. ஷுல்டி வாஷிங்டன் போஸ்ட்டில் பல வருடம் செய்தியாளராக இருந்தவர். 2014-இல் வந்த 'ஓவர்வெல்ம்ட்' புத்தகத்திலும் செய்தியாளர் புத்திதான் வேலை செய்கிறது: எனக்கு ஏன் நேரமில்லை, யார் காரணம் என்று துருவிக்கொண்டே போகிறார்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஜான் ராபின்சன் வருவது. மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று காலமெல்லாம் கணக்கெடுத்த சமூகவியலாளர் அவர். பெண்களுக்கு வாரத்தில் 30 மணி நேரம் ஓய்வு இருக்கிறது என்று ஷுல்டியிடமே சொல்கிறார். இவருக்கு வந்ததே கோபம்! ஒவ்வொரு நாளும் என்ன செய்தேன் என்று குறிப்பெழுதிக் கொண்டுபோய்க் காட்டினால், கார் பழுதாகி இழுவை வண்டிக்காக ரோட்டோரம் காத்துக் கிடந்த நேரத்தையும் மனிதர் ஓய்வுக் கணக்கில் சேர்க்கிறார்.

படித்த கையோடு நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எழுதிப் பார்த்தேன். மத்தியானம் 'டிவி பார்த்தேன்' என்று இருக்கிறது. ராபின்சன் பார்த்தால் ஓய்வு என்றே குறித்திருப்பார். உண்மையில் மடியில் பாதி மடித்த பள்ளிச் சீருடை, பக்கத்தில் மகள் வலிமிகும் இடம், மிகா இடம் என்று உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறாள், போனில் அலுவலக வாட்ஸ்அப் குழு திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு எண்கள் கேட்கிறது. இப்படித் துண்டு துண்டாகச் சிதறும் நேரத்தைக் கல்யாண வீட்டில் தூவுகிற காகிதத்துணுக்கு என்கிறார் ஷுல்டி. அள்ளினாலும் ஒரு கைப்பிடிகூடத் தேறாது.

'அந்தக் காலத்துத் தோட்டத்து வாழ்க்கை நிம்மதி' என்று யாராவது ஆரம்பித்தால் நம்பாதீர்கள். என் அம்மா விடியுமுன் எங்களைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர். அப்பாவுக்கும் அதே வேலைதான். ஆனால் சாயங்காலம் லயத்து வாசலில், தொழிலாளர்களின் வரிசை வீட்டு வாசலில், பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தது அப்பா மட்டும். அம்மா அடுப்படியில் இருந்தார். ஆணின் ஓய்வு முழுசாக இருக்கிறது, பெண்ணின் ஓய்வு வேலையோடு கலந்தே வருகிறது என்று ஷுல்டி காட்டும் இடத்தில் எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரவில்லை, அந்த லயம்தான் வந்தது.

புத்தகத்தில் குறையும் உண்டு. டென்மார்க்குக்குப் போய், அங்கே வாரம் 37 மணி நேரம்தான் வழக்கமான வேலை என்று வியக்கிறார். நியாயமான வியப்புதான். ஆனால் வசதியான குடும்பத்தின் மூச்சுத்திணறலே புத்தகத்தில் பெரும் இடம் பிடிக்கிறது. இங்கே நம்மில் சிலர் இந்தோனேசியாவிலிருந்து ஓர் அக்காவை வரவழைத்து வீட்டில் வைத்துக்கொண்டு 'இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது' என்கிறோம். 2023 ஜனவரி முதல் நம் மலேசிய வேலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற உச்சவரம்பை 45 ஆகக் குறைத்தது. வீட்டுப் பணியாளருக்கு அந்த வரம்பு கிடையாது. நமக்குக் கிடைத்த நேரம் அந்த அக்காவிடமிருந்து எடுத்ததுதானே?

சரி, உங்கள் மேலாளர் விஷயத்துக்கு வருவோம். புத்தகம் வேண்டாம். வாங்கி வைத்துக்கொண்டு, 'நல்ல புத்தகம்' என்று சொல்லிவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் அனுப்புவார். அதே 2023 திருத்தத்தில் 60P, 60Q என்று இரண்டு பிரிவுகள் வந்தன. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றிக்கேட்டு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் வாயால் கேட்டால் 'பார்ப்போம் லா' என்று போய்விடுகிற பேச்சு, கடிதமாகப் போனால் யாராவது உட்கார்ந்து பதில் எழுத வேண்டிய காரியமாகிவிடுகிறது.

நான் இரண்டு கேட்டேன்: வாரம் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை, மற்ற நாளில் ஏழரைக்கு வந்து நாலரைக்குக் கிளம்புவது. முதலாவதை மறுத்துவிட்டார்கள், இரண்டாவது கிடைத்தது. செந்தூலுக்குத் திரும்பும் கொமுட்டர் ரயிலில், பெண்கள் பெட்டியில், இப்போது சில நாள் உட்காரக்கூட இடம் கிடைக்கிறது. ஆறு மணிக்கு அது நடக்காது.

அலுவலகத்தைவிட வீட்டில்தான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் நல்லவர், 'என்ன செய்யணும் சொல்லு, செய்றேன்' என்பார். அந்தச் 'சொல்லு' இருக்கிறதே, அதுவே ஒரு வேலை! கடைசியில் செவ்வாய், வியாழன் இரவுச் சாப்பாடும் மகள் டியூஷனும் முழுக்க அவர் பொறுப்பு, நான் ஞாபகப்படுத்த மாட்டேன் என்று பேசி முடித்தோம். முதல் சில வாரம் மேகி மீயாகவே ஓடியது. நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சாம்பார் வைக்கிறார், புளி கொஞ்சம் தூக்கல்.

ஷுல்டியைப் படிப்பதென்றால் 'ஓவர்வெல்ம்ட்'டில் தொடங்குங்கள். வேலையிடங்களை மாற்றுவது பற்றி 2024-இல் வந்த 'ஓவர் வொர்க்' அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் கடிதத்தை எழுதிவிடுங்கள். என்ன மாற்றம், எந்தத் தேதியிலிருந்து, உங்கள் வேலை எப்படித் தடையில்லாமல் நடக்கும் என்று ஒரு பக்கம் போதும். நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள், அந்த 60 நாள் அங்கிருந்துதான் எண்ணப்படும்.