வாசகர் கேள்வி: பிளாஸ்டிக் ரசாயனம் உடம்பில் எவ்வளவு?

கேள்வி: வாரத்தில் பாதி நாள் உணவங்காடியிலிருந்து சூடான மீன் சூப்பைப் பிளாஸ்டிக் பையில் வாங்கி வருகிறோம். என் நான்கு வயது மகளின் உடம்பில் பிஸ்ஃபீனால், தாலேட் போன்ற பிளாஸ்டிக் ரசாயனங்கள் எல்லாம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சோதித்துப் பார்க்கலாமா? (வாசகி, ஈசூன்)

பதில்: பார்க்கலாம், ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்துக் குழந்தையின் உடல்நலம் பற்றி எந்த மருத்துவரும் எதுவும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது, அதனால் காசைச் செலவழிக்காதீர்கள். பிஸ்ஃபீனால் வகையில் ஒன்றான பிஸ்ஃபீனால் ஏ உடம்பில் தங்குவதில்லை, பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரோடு போய்விடும். நேற்று டின் உணவு சாப்பிட்டிருந்தால் இன்று அளவு ஏறும், நாளை மறுநாள் இறங்கிவிடும். சரி, வெளியேறிவிடுகிறதே என்று விட்டுவிடவும் கூடாது, தினமும் உள்ளே வந்துகொண்டே இருக்கிறதே! அமெரிக்காவில் 2003-04இல் ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைச் சோதித்தபோது 93 விழுக்காட்டுச் சிறுநீர் மாதிரிகளில் அது இருந்தது. இப்படி ஊர் மொத்தத்தையும் அளக்கத்தான் இந்தச் சோதனை உதவும். 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் தினமும் உட்கொள்ளக்கூடிய பிஸ்ஃபீனால் ஏ அளவை முன்பு சொன்னதைவிட 20,000 மடங்கு குறைத்தது.

தாலேட்டை அளப்பது இன்னும் சிரமம். ஆய்வகத்துக் குழாயிலும் தூசியிலும்கூட அது இருப்பதால் மாதிரியிலேயே கலந்துவிடும். அதனால்தான் அதை நேராகத் தேடாமல், உடம்பு அதைச் சிதைக்கும்போது உண்டாகும் பொருளைச் சிறுநீரில் தேடுகிறார்கள்.

சூப் பைக்கு வருவோம். அந்த மெல்லிய பைகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக், அவற்றில் பிஸ்ஃபீனால் ஏ சேர்ப்பதில்லை. அது வருவது டின்களின் உட்பூச்சிலிருந்தும் பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கிலிருந்தும்தான். ஆனாலும் எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் சூடும் எண்ணெயும் சேர்ந்தால் அதில் உள்ளவை உணவுக்குள் கசிவது கூடும். எவர்சில்வர் தூக்கைக் கையோடு கொண்டுபோய், அதில் ஊற்றித் தரும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். குழந்தைக்காக இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

கேள்வி: இந்த ரசாயனங்கள் உணவில் கலந்திருந்தால் ருசியில் தெரியுமா? (வாசகர், ஜூரோங்)

பதில்: தெரியாது. தைவானில் பானங்களைக் கலங்கலாகக் காட்டும் சேர்மானத்தில் பாமாயிலுக்குப் பதிலாக டிஇஎச்பி என்ற தாலேட்டைக் கலந்து விற்றார்கள், குடித்த யாருக்கும் தெரியவில்லை. 2011இல் அரசு ஆய்வகத்தில் ஒருவர் வேறு மருந்தைத் தேடிச் சோதித்தபோது சோதனைக் கருவி வரைந்த கோட்டுப் படத்தில் எதிர்பாராத ஒரு முகடு எழும்பியது, அது என்னவென்று அவர் விடாமல் துருவியதால்தான் விஷயம் வெளியே வந்தது.